கண்ணிழந்த பின் கண்டறிந்த எண்

2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய எண். 32 பிட் கணக்கில் உச்ச வரம்பு இதுதான். 2014இல் 'கங்னம் ஸ்டைல்' பாடலைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இதைத் தாண்டப்போக, யூடியூப் தன் கணக்கு முறையையே மாற்ற நேர்ந்தது.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதமின்றி வகுபடாத பகா எண் இது. அதை நிரூபித்தவர் லியோனார்டு ஆய்லர். அப்போது அவருக்குக் கண் தெரியாது.

1707இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர். தந்தை போதகர், மகனும் அவ்வழியே வரவேண்டும் என்று விரும்பினார். ஆசிரியர் யோகான் பெர்னூலி பேசித்தான் தந்தையின் மனத்தை மாற்றினார். இருபதாவது வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். இடையில் 25 ஆண்டுகள் பெர்லினில் பணி. பிள்ளைகள் பதின்மூவரில் ஐவரே சிறுவயதைக் கடந்தனர்.

வலக்கண் பார்வை முப்பது வயதையொட்டிப் போனது. 1766இல் ரஷ்யா திரும்பியதும் இடக்கண்ணில் புரை விழுந்தது. 1771இல் செய்த அறுவைச் சிகிச்சையும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு வீடு தீப்பற்றியது. ஊர்க்காரரான பீட்டர் கிரிம் உள்ளே புகுந்து அவரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்.

வேறொருவராக இருந்தால் ஓய்ந்திருப்பார். ஆய்லரோ வாயால் சொல்லச் சொல்ல, மகன்களும் உதவியாளர்களும் எழுதினார்கள். அவருடைய புகழ்பெற்ற அல்ஜீப்ரா நூலை எழுதியெடுத்தவர், முன்பு தையல் தொழில் பழகிய ஓர் இளைஞர். எழுதி முடித்தபோது அவருக்கே கணக்கு வந்துவிட்டதாம்!

சரி, அந்த எண்ணை எப்படிச் சோதித்தார்? இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. நேர்வழியில் போனால் 46,341க்குக் கீழுள்ள ஏறக்குறைய 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் முதலில் வேலையைக் குறைத்தார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும் என்று காட்டினார். மிஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. அவற்றில் ஒன்றுகூட வகுக்கவில்லை. 1772இல் முடிவை அறிவித்தார். அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இதைவிடப் பெரிய பகா எண்ணை எவரும் உறுதிசெய்யவில்லை.

இதே உத்தியை இளமையிலும் கையாண்டிருக்கிறார். 4294967297 பகா எண் என்று பெர்மா நம்பியிருந்தார். அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் காட்டியவர் ஆய்லரே.

பழைய கணினிகள் 1970 முதல் விநாடிகளை எண்ணி நேரம் காட்டுகின்றன. 2038 ஜனவரி 19, மலேசிய நேரப்படி காலை 11.14க்கு அந்தக் கணக்கு 2147483647ஐ எட்டும். மாற்றப்படாத இயந்திரங்கள் அப்போது தடுமாறும்.

1783 செப்டம்பர் 18. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றி நண்பர் லெக்செலுடன் பேசிக்கொண்டிருந்த அந்நாளிலேயே, மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு ஆய்லர் காலமானார். வயது 76. அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை அச்சிட்டு முடிக்க அறிவியல் கழகத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.