ஏலாக்குறிச்சி மக்களின் வீரமாமுனிவர்

தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர் என்றே வீரமாமுனிவரைப் பள்ளியில் படித்திருப்போம். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி மக்களுக்கோ அவர் முதலில் தங்கள் ஊர்ச் சாமியார்.

இத்தாலியில் 1680-இல் பிறந்த இயேசு சபைக் குருவான பெஸ்கி, 1710-இல் கோவாவுக்கும் அடுத்த ஆண்டு தமிழகத்துக்கும் வந்தார். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு ஊர் ஊராகச் சென்றார். துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடிவந்த கிறிஸ்துவர்கள் ஏலாக்குறிச்சியில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்காக அங்கே அடைக்கல மாதா ஆலயம் எழுப்பிய அவர், ஊரைத் திருக்காவலூர் என்றழைத்தார். அந்த மாதாவைப் பாடியதே திருக்காவலூர்க் கலம்பகம். கோணான்குப்பத்திலோ பெரியநாயகி மாதாவைச் சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணாகவே நிறுத்தினார்.

குருக்கள் சிலர்தான், ஊர்களோ பல. சாமியார் வராத நாள்களில் செபம் சொல்லித் தந்ததும், சாகக் கிடந்தவர் அருகில் இருந்ததும் உபதேசியார்கள்தாம். அவர்களுக்காக அவர் எளிய உரைநடையில் எழுதிய நூல் வேதியர் ஒழுக்கம். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால், எழுத்தறியாத கிறிஸ்துவக் குடியானவரின் வீடுவரை போய்ச் சேர்ந்தது இந்நூலின் பயன்தான்.

அவர் 1747-இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் காலமானார். அடைக்கல மாதாவை நாடி ஏலாக்குறிச்சிக்கு மக்கள் இன்றும் வருகின்றனர்.