வெட்கத்தை வென்ற கையுறை

அமெரிக்க மக்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் என்றால் உயிர். அந்தக் காலத்தில், பறந்து வரும் கெட்டிப் பந்தை வெறுங்கையால்தான் பிடித்தார்கள். விரல் முறியும், உள்ளங்கை வீங்கும். ஆனாலும், உறை போட்டால் கேலி செய்வார்களே என்று பயம்!

ஆல்பர்ட் ஸ்பால்டிங் பெயர் போன பந்து வீச்சுக்காரர். 1875-ம் ஆண்டு பாஸ்டன் நகரில், எதிர் அணியின் சார்லஸ் வெயிட் கையில் ஒரு தோல் உறையைக் கண்டார். பிறர் கண்ணில் படக்கூடாது என்று அது சதை நிறத்தில் இருந்தது. கேட்டபோது வெயிட் வெட்கப்பட்டார்.

ஸ்பால்டிங் சிரிக்கவில்லை. அடிபட்டு அடிபட்டு அவருடைய இடது கையும் கன்றிப் போயிருந்தது.

கறுப்பு உறை

1876-ல் சிகாகோவில் தம்பியுடன் விளையாட்டுச் சாமான் கடை வைத்தார். மறு ஆண்டு, எல்லோரும் பார்க்கக் கறுப்பு உறை அணிந்து மைதானத்தில் இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. பெரிய வீரரே போட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? அவர் கடையிலும் உறை விற்பனைக்கு வந்தது.

1915-ல் ஸ்பால்டிங் காலமானார்.

இன்று பழைய உறைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் பலர். கம்பெனி முத்திரை தெரிகிறதா, தோல் வெடித்திருக்கிறதா, அணிந்தவர் யார் என்று பார்த்து விலை வைக்கிறார்கள். புகழ் பெற்ற வீரர் பேப் ரூத்தின் உறை ஒன்று 2022-ல் 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

அன்று மறைத்து அணிந்த உறை, இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கௌரவமாக வீற்றிருக்கிறது!