பத்து ஷில்லிங் பாட்டு

'தி லயன் கிங்' படம் பார்த்த பிள்ளைகளுக்கு ஒரு மெட்டு நிச்சயம் நினைவிருக்கும். காட்டில் சிங்கம் தூங்குவதைப் பற்றிய பாட்டு அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட பாடகர்கள் அதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். உலகில் அதிகப் பணம் ஈட்டிய பாடல்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த மெட்டைக் கட்டியவர் யார் என்று கேட்டால், பாடியவர்களிலேயே பலருக்கு நெடுங்காலம் பதில் தெரியாது.

அவர் பெயர் சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனத்தைச் சேர்ந்த தொழிலாளி. அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்று அவர் நாட்டில் அவர் பெயரை அறியாதவர்கள் குறைவு. வாழ்ந்த காலத்தில் அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு கிடைத்தது என்பதைத்தான் நாம் இங்கே பார்க்கப்போகிறோம்.

மாடு மேய்த்த சிறுவன்

லிண்டா 1909-இல் நேட்டால் பகுதியில், பொமரோய் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். அந்த வட்டாரத்தின் பெயர் ம்சிங்கா. கறுப்பின மக்களை ஒதுக்கிவைப்பதற்கென்று வெள்ளை அரசு வரையறுத்த நிலப்பகுதி அது. லிண்டாவுக்கு நான்கு வயதானபோது, 1913-இல், ஒரு நிலச் சட்டம் வந்தது. நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதம் மட்டுமே கறுப்பின மக்களுக்கு என்று அது விதித்தது. மக்கள் தொகையில் அவர்களே மிகப் பெரும்பான்மை. ஏர் உழ நிலமில்லை, மாடு மேய்க்கப் புல்வெளி இல்லை என்றால் இளைஞர்கள் எங்கே போவார்கள்? வெள்ளையரின் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும்தான். சட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்ததும் அதுதான்.

சிறுவன் லிண்டா மாடு மேய்த்தார். மிஷன் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். அங்கே தேவாலயப் பாடல்கள் காதில் விழுந்தன. வீட்டில் ஜூலு கல்யாணப் பாட்டுகள் ஒலித்தன. இவை போக மூன்றாவதாக ஒரு இசையும் அந்தப் பகுதிக்கு வந்திருந்தது. 1890-இல் அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர் குழு ஒன்று தென்னாப்பிரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றிப் பாடியது. அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களின் பிள்ளைகள், பிரமாதமாக உடுத்திக்கொண்டு மேடையேறிப் பாடுவதை ஜூலு மக்கள் கண்டார்கள். அந்தத் தாளத்தைத் தங்கள் பாட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்க இசையையும் மேற்கத்திய இசையையும் கலப்பதை, உலகப் புகழ் பெற்ற இசைக்குழுக்களுக்கு வெகுகாலம் முன்பே இந்தக் கிராமத்து மக்கள் செய்துவிட்டார்கள்.

விடுதிகளின் சனிக்கிழமை இரவு

1931-இல் லிண்டா பிழைப்பு தேடி ஜோகன்னஸ்பர்க் போனார். நகரத்தில் கறுப்பின ஆண் நடமாட வேண்டும் என்றால் சட்டைப் பையில் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லையென்றால் சிறை. குடும்பத்தை அழைத்து வர முடியாது. தொழிலாளர் விடுதியில் வரிசை வரிசையான கட்டில்களில் படுக்க வேண்டும்.

வாரம் முழுதும் முதலாளிக்கு உழைத்த அந்த ஆண்கள், சனிக்கிழமை இரவைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். விடுதிக் கூடங்களில் பாட்டுப் போட்டி நடக்கும். ஊர் ஊராகக் குழு பிரிந்து, விடிய விடியப் பாடுவார்கள். சில போட்டிகளில் பரிசு ஓர் ஆடு. கிழிந்த உடையோடு வேலை செய்தவர்கள், மேடைக்குக் கோட்டும் தொப்பியும் அணிந்து வந்து நின்றார்கள்.

லிண்டா ஒரு மரச்சாமான் கடையில் வேலை பார்த்துக்கொண்டே 'ஈவினிங் பேர்ட்ஸ்' என்ற குழுவில் பாடினார். அவருடைய மாமன்மார் நடத்திய குழு அது. 1933-இல் அது கலைந்ததும், அதே பெயரில் தன் ஊர்க்காரர்களைச் சேர்த்துப் புதிய குழு தொடங்கினார். கோடு போட்ட கோட்டு, வட்டத் தொப்பி என்று அவர்களின் உடையே பேசப்பட்டது. அடிக்குரலுக்கு ஒருவர் போதும் என்றிருந்த வழக்கத்தை லிண்டா மாற்றினார். பலரைச் சேர்ந்து பாட வைத்தார். அந்தக் கனத்த அடிக்குரல்களின் மேல் அவர் உச்சக்குரலில், பெண்குரல் போலப் பாடுவார். ஜூலு குழுப் பாடலுக்கே அது புதிய வடிவம்.

மூன்றாவது பதிவு

1938 வாக்கில் லிண்டாவுக்கு காலோ இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தட்டுகளைக் கட்டி அடுக்கும் வேலை. அவர் குழு பாடுவதைக் கேட்ட நிறுவனத்தார், பாட்டைப் பதிவு செய்ய அழைத்தார்கள். 1939-இல் அவர்கள் பாடியது 'ம்பூபே'. சிங்கம் என்று பொருள். சிறு வயதில் மாட்டைக் காக்கச் சிங்கத்தை விரட்டிய நினைவிலிருந்து பிறந்த பாட்டு என்று சொல்வார்கள்.

பாட்டில் சொற்கள் சொற்பம். மூன்று முறை பதிவு செய்தார்கள். மூன்றாவது முறை பாடும்போது, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், லிண்டா திடீரென்று தன் உச்சக்குரலில் ஒரு புதிய மெட்டை எடுத்தார். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. அந்த நிமிடத்தில் அவர் தொண்டையிலிருந்து வந்தது. சில நொடிகள்தான். பிற்காலத்தில் கோடி கோடியாகப் பணம் ஈட்டியது அந்தச் சில நொடிகள்தான்.

'ம்பூபே' 1949-க்குள் ஒரு லட்சம் தட்டுகள் வரை விற்றது. பாட்டின் உரிமை நிறுவனத்திடம் போனது. அதற்கு ஈடாக லிண்டா பெற்றதாகப் பதிவாகியிருப்பது 10 ஷில்லிங். அரை பவுண்டு. விற்ற தட்டுக்கு இவ்வளவு என்று பங்கு தரும் வழக்கம் கறுப்பினக் கலைஞர்களுக்கு அப்போது கிடையாது. பாடினால் கூலி, அத்தோடு முடிந்தது. விடுதிகளிலும் கல்யாணங்களிலும் லிண்டா நட்சத்திரம். வேலைக்கூடத்திலோ தட்டுக் கட்டும் கூலியாள்.

இல்லாதவருக்கு உரிமை

ஒரு தட்டு கடல் கடந்தது. அமெரிக்காவில் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டிய ஆலன் லோமாக்ஸ் கையில் கிடைத்தது. அவர் அதைப் பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகருக்கு ஜூலு தெரியாது. காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். சிங்கத்தைக் குறிக்கும் ஜூலு சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அதுவே பாட்டுக்குப் பெயராயிற்று. அவருடைய 'தி வீவர்ஸ்' குழு அதைப் பதிவு செய்தது. 1952-இல் அது அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது.

அந்தத் தட்டில் பாட்டை ஆக்கியவர் என்று அச்சிடப்பட்ட பெயர் பால் கேம்ப்பெல். அப்படி ஒரு மனிதரே இல்லை. பழைய நாட்டார் பாடல்களுக்கு உரிமை வாங்குவதற்காகக் குழுவினர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. உலகில் இல்லாத ஒருவர் பாட்டுக்கு உரிமையாளர் ஆனார். உயிரோடு இருந்தவர் ஜோகன்னஸ்பர்க்கில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பீட் சீகர் நிறவெறியர் அல்ல. தொழிலாளர் பக்கமும் கறுப்பின மக்களின் பக்கமும் நின்றவர். அந்தக் கொள்கைக்காகவே அவரும் அவர் குழுவும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலை இழந்தார்கள். பாட்டின் ஆசிரியர் யார் என்று தெரிந்ததும் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பினார். தன் பங்குத் தொகையை அவருக்கே அனுப்பும்படி பதிப்பாளரிடம் சொன்னதாகவும் பின்னாளில் தெரிவித்தார். ஆனால் அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தவறியதற்காக வருந்தினார். நல்ல மனது மட்டும் போதாது. கணக்கையும் சரிபார்க்க வேண்டும்.

1961-இல் 'தி டோக்கன்ஸ்' என்ற வெள்ளையின இளைஞர் குழு அதே பாட்டை ராக் இசைக்காலத்துக்கு ஏற்ப மாற்றிப் பாடியது. ஆங்கிலச் சொற்கள் புதிதாகச் சேர்ந்தன. மையத்தில் இருந்தது லிண்டாவின் அந்த உச்சக்குரல் மெட்டு. பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. இம்முறை ஆசிரியர்கள் என்று மூன்று அமெரிக்கர்களின் பெயர் இருந்தது. லிண்டா பெயர் இல்லை.

அதற்கு முன்பே, 1959-இல், லிண்டா மேடையில் பாடும்போது மயங்கி விழுந்திருந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. 1962-இல் அவர் இறந்தார். வங்கியில் இருந்தது 25 டாலருக்கும் குறைவு. மனைவி ரெஜினாவுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் விட்டுச்சென்ற சொத்து அவ்வளவுதான். அவர் சமாதிக்கு ஒரு கல் வைக்கக் குடும்பத்துக்கு 18 ஆண்டுகள் ஆயின.

மகள்களின் வழக்கு

2000-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ரியான் மாலன் இந்தக் கணக்கையெல்லாம் தோண்டி எடுத்து அமெரிக்க இதழ் ஒன்றில் நீண்ட கட்டுரை எழுதினார். 'தி லயன் கிங்' வழியாக மட்டும் அந்தப் பாட்டு 1.5 கோடி டாலர் ஈட்டியிருக்கும் என்பது அவர் மதிப்பீடு. அப்போது லிண்டாவின் மகள்கள் சோவெட்டோவில் வறுமையில் இருந்தார்கள்.

வழக்கறிஞர் ஓவன் டீன் ஒரு பழைய சட்டத்தைக் கண்டுபிடித்தார். 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியர் தன் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் அது வாரிசுகளுக்குத் திரும்பிவிடும் என்றது அந்தச் சட்டம். அப்படியானால் 1987 முதல் பாட்டு மகள்களுடையது. 2004-இல் டிஸ்னி நிறுவனத்தின் மீது வழக்கு தொடுத்தார்கள். மிக்கி மவுஸ், டொனால்ட் டக் உள்ளிட்ட அந்நிறுவனத்தின் 200-க்கும் மேற்பட்ட வணிகச் சின்னங்களைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் முடக்கி வைத்தது. 2006 பிப்ரவரியில் பாட்டின் உரிமையை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. 1987 முதலான தொகையும் இனி வரும் தொகையும் குடும்பத்துக்கு என்று ஒப்பந்தமானது. சாலமன் லிண்டா பாட்டின் இணை ஆசிரியர் என்று ஏற்கப்பட்டார். மகள்களில் ஒருவர் அதைப் பார்க்க உயிரோடில்லை. மருந்துக்கு வழியில்லாமல் 2001-இல் இறந்துபோனார்.

லிண்டாவை ஏமாற்றியது ஒரு தனி மனிதர் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை எளிது. அது அப்படியில்லை. நிலத்தைப் பறித்த சட்டம், கூலி போதும் என்ற நிறுவனம், கறுப்பர் பாட்டு என்றால் யாரோ எப்போதோ பாடியதாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு ஆகிய மூன்றும் கைகோத்தன. நாட்டார் பாட்டு என்ற சொல் கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடியவர் பெயரைக் கேட்காமல் அந்தச் சொல்லை ஒட்டினால், பாட்டு அனாதையாகிவிடும். அனாதைப் பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பை நிறைத்துக்கொள்ளலாம்.

லிண்டா வளர்த்த அந்த இசைமுறைக்கே ஜூலு மக்கள் 'ம்பூபே' என்று பெயர் வைத்தார்கள். அதன் வழியில் வந்தவர்கள்தான் பின்னாளில் உலக மேடைகளை ஆண்ட 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழுவினர். தன் மக்களிடம் அவர் பெயர் தொலைந்ததே இல்லை. எழுதப்பட்ட தாள்களில்தான் தொலைந்தது.

படிக்கிற பிள்ளைகளிடம் நாம் கேட்பது இதுதான். ஒரு பாட்டியிடமோ தாத்தாவிடமோ பாட்டு கேட்டுப் பதிவு செய்கிறீர்களா? முதல் வரியாக அவர் பெயரை எழுதுங்கள். அடுத்து ஊர், தேதி. அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பாட்டு அதற்கப்புறம் வரட்டும்.