முதுகில் எழுதிய தமிழ்: அந்தகக்கவி வீரராகவர்

தொண்டை நாட்டைச் சான்றோர்க்குரிய நாடெனப் போற்றுவது தமிழ் மரபு. அந்நாட்டின் பகுதியாகிய செங்கற்பட்டுச் சீமையில், பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவர் 17-ஆம் நூற்றாண்டுப் புலவர் வீரராகவ முதலியார். தந்தையார் வடுகநாத முதலியார். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவராதலின் அவரை அந்தகக்கவி என்று உலகம் அழைத்தது. குறையைப் பெயரின் முன் வைத்த உலகம், அக்குறையுடைய குழந்தை எவ்வாறு கற்றது என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. அதனையே இங்கு நாம் சிந்திக்க விழைகின்றோம்.

ஓலைச்சுவடியே நூலாக இருந்த காலம் அது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்தைப் பழகினர். அதனைக் காண இயலாத வீரராகவர்க்கு, முதுகில் விரலால் எழுதிக் காட்டி எழுத்தறிவித்தனர் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. கற்பித்தவர் பாடத்தைக் குறைக்கவில்லை. எழுதும் இடத்தை மட்டுமே மாற்றினார். பாடம் சொல்லக் கேட்டு மனனம் செய்யும் அக்காலக் கல்விமுறையும் அவர்க்குத் துணைநின்றது.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள திருக்கழுக்குன்றத்திற்கு அவர் புராணம் பாடினார். கடற்கரையை ஒட்டிய சேயூர் முருகன்மீது கலம்பகமும் பிள்ளைத்தமிழும் பாடினார். அவருடைய திருவாரூர் உலாவை டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். உலா என்பது, வீதியில் பவனி வரும் தலைவனை ஏழு பருவ மகளிர் கண்டு மயங்குவதைக் கூறும் இலக்கியம். முழுவதும் காட்சியால் ஆனது. ஒருநாளும் வீதியைக் கண்டிராத ஒருவர் அதனைப் பாடினார் என்றால், அவர்க்கு உலகை எடுத்துரைத்த வாய்கள் எத்தனை இருந்திருக்க வேண்டும்! அவர் சொல்ல ஓலையில் எழுதிய கைகளும் இருந்தன. அவர் யாழ்ப்பாணம் சென்று மன்னனிடம் பரிசில் பெற்றதாகவும் கூறுவர்.

இசுலாமிய வரலாற்றிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லும் பணியில் அமர்த்தினார்கள். தாம் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். இரக்கத்தினும் உயர்ந்தது பொறுப்பளித்தல் என்பதை இது காட்டுகின்றது.

பிரான்சு நாட்டு லூயி பிரெயில் 1824-இல், தம் 15-ஆம் வயதில், புள்ளி எழுத்தை உருவாக்கினார். முதுகில் எழுதியவர் கண்ட உண்மையையே அவரும் கண்டார், தொடுதலும் வாசிப்பே. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகின்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், நிர்ணயித்த அளவுக்குக் குறைபாடுடைய பிள்ளைகட்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது.

எனினும் கல்வி தொடங்குமிடம் வீடே. பார்வை குன்றிய பிள்ளைக்குப் பொருள்களை நாள்தோறும் ஒரே இடத்தில் வைத்தல், அருகில் வருமுன் பெயர் சொல்லிக் குரல் கொடுத்தல், சோற்றுத் தட்டில் எது எப்பக்கம் உள்ளதெனச் சொல்லுதல் ஆகியவை செலவில்லா உதவிகள். பேரொலியைத் தாங்காத பிள்ளைக்கு அமைதியான ஒரு மூலையும், மெல்லக் கற்கும் பிள்ளைக்குச் சிறுசிறு படிகளாகப் பகுத்த வேலையும் வேண்டும்.

அந்தகக்கவியைச் சான்று காட்டி, எல்லாப் பிள்ளைகளும் புலவராக வேண்டுமென எதிர்பார்த்தல் தகாது. தன் சட்டையின் பொத்தானைத் தானே இட்டுக்கொள்ளக் கற்பதும் கல்வியே. விருந்தினர் வரும்போது இத்தகைய பிள்ளைகளை உள்ளறையில் மறைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுவிடவில்லை. வீரராகவரையும் அவ்வாறு மறைத்திருந்தால், திருக்கழுக்குன்றம் தன் புராணத்தை இழந்திருக்கும். மாணவச் செல்வங்களே! நாளை ஆசிரியராகப் போகும் நீங்கள், கற்க இயலாத பிள்ளை என்று ஒருவரைச் சொல்லுமுன், எழுதும் இடத்தை மாற்றிப் பார்த்தோமா என்று வினவிக்கொள்வீராக.