கையைப் பார்த்து மிஷின் செய்தவர்

இன்டர்வியூ என்றதும் பாலிஷ் போட்டு மாட்டிக்கொள்கிறோமே கறுப்பு ஷூ, அது எப்படி உருவாகிறது என்று யோசித்ததுண்டா?

என் அப்பா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ பட்டறையில் லாஸ்டிங் வேலை பார்த்தவர். பாதம் மாதிரி இருக்கும் கட்டையில் தோலை மாட்டி, குறடால் இழுத்து, முனையில் சுருக்கம் தெரியாமல் மடித்து, அடியில் ஆணி அடிப்பதுதான் லாஸ்டிங். பழைய ஆக்ஸ்போர்டு ஷூவோ, புது மாடலோ, தோல் ஷூவுக்கு வடிவம் வருவது இங்கேதான். ஒருநாள் பட்டறைக்கு லாஸ்டிங் மிஷின் வந்தது. அப்பாவை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மிஷின் மேல் எனக்கு அப்போது ரொம்பக் கோபம்!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். மெக்கானிக்கல் எடுத்த பிறகுதான் அந்த மிஷினுக்கு வழிகாட்டியவரைத் தேடிப் படித்தேன். அவர் பெயர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர்.

1852-ல் தென் அமெரிக்காவில், டச்சுக்காரர் ஆண்ட சுரினாமில் பிறந்தார். அப்பா டச்சு இன்ஜினியர், அம்மா கறுப்பினப் பெண். பத்து வயதிலேயே மிஷின் பட்டறையில் வேலை. 19 வயதில் கப்பல் ஏறினார். பிறகு அமெரிக்காவில் ஷூ தொழிலுக்குப் பேர்போன லின் நகரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். ஆங்கிலம் சரியா வராது. நிறத்தைக் காரணம் காட்டி சர்ச்சுகள்கூட அவரைச் சேர்க்க மறுத்தன. ஒரு சர்ச் மட்டும் சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்திலேயே தைக்க மிஷின் வந்துவிட்டது. லாஸ்டிங் மட்டும் கைவேலைதான். கைதேர்ந்தவர் ஒரு நாளைக்கு 50 ஜோடி முடிப்பார். இதை மிஷினால் செய்யவே முடியாது என்பது எல்லோருடைய எண்ணம். மாட்செலிகர் அவர்களின் கையசைவைக் கவனித்துக்கொண்டே இருந்தார். பகலில் வேலை, ராத்திரியில் ஆராய்ச்சி. சுருட்டுப் பெட்டிப் பலகை, கம்பி என்று கிடைத்ததை வைத்து மாதிரி செய்தார். பணம் இல்லாததால் கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கை இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. வரைபடம் புரியாமல் பேட்டன்ட் ஆபீஸ்காரர் ஒருவர் நேரிலேயே வந்து பார்த்தாராம்! 1883 மார்ச் 20-ல் பேட்டன்ட் கிடைத்தது. கட்டையைப் பிடித்து, தோலை இழுத்து, மடித்து, ஆணி அடித்துத் தள்ளிவிடும் மிஷின். நாளடைவில் ஒரு நாளைக்கு 700 ஜோடி வரை ஓடியது. ஷூ விலையும் இறங்கியது.

ஆனால் அவர் அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. காசநோய் வந்து 1889-ல், 36 வயதிலேயே இறந்துபோனார். தன்னைச் சேர்த்துக்கொண்ட சர்ச்சுக்குத் தன் பங்குகளை எழுதி வைத்தார். 1991-ல் அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். அவன் முதலில் கையைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ராத்திரி குறடை எடுத்து வந்து, தோலை எங்கே பிடிக்கணும், எவ்வளவு இழுக்கணும் என்று எனக்குக் காட்டினார். மிஷின் மேல் இருந்த கோபம் எனக்கு முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது.

நண்பர்களே! நாளைக்கு நாமும் டிராயிங் போர்டில் மிஷின் வரைவோம். வரையும் முன் அந்த வேலையைச் செய்யும் கையை ஒருமுறை பார்ப்போம். அந்தக் கைக்கு நாளை என்ன வேலை என்பதையும் சேர்த்தே யோசிப்போம்!

— இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை