தறிக்குழி வீட்டிலிருந்து கோட்டைக்கு: பேரறிஞர் அண்ணா



கோவில் விழா மலரில் அரசியல் தலைவர் வரலாறா எனச் சிலர் வியக்கலாம். கடவுள் மறுப்புப் பேசிய இயக்கத்தில் வளர்ந்தவர் அவர் என்பதை நாமும் அறிவோம். ஆயினும், குடும்பக் கஷ்டத்தால் பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் பங்கிலும் இருப்பதால் இதை எழுதத் துணிந்தோம்.

சி. என். அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கைத்தறி நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். வளர்த்தவர் அவர் தொத்தா என்றழைத்த இராசாமணி அம்மையார். பட்டுக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் பட்டு நெய்தவர் வீட்டில் பட்டு ஏது? வீட்டுச் செலவுக்கு உதவவேண்டிப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார்.

மீண்டும் படித்து, 1928-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அங்கே இடி விழுந்தால் இங்கே என்ன என்று கேட்கலாம். நெல்லும், நம் பக்கத்து மல்லாட்டையும் விலை வீழ்ந்தன. வரியும் கடனும் மட்டும் குறையவில்லை. உழவன் கையில் காசில்லையேல் துணி வாங்குவார் யார்? துணி விற்காவிடில் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பும் நிற்கும். அந்த ஆண்டுகளில்தான் இந்த நெசவாளர் மகன் பொருளாதாரமும் அரசியலும் பயின்று, 1934-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். இடையில் 1930-இல் இராணி அம்மையாரை மணந்துமிருந்தார். பின்னர் சிறிது காலம் ஆசிரியப் பணி. அதன்பின் பத்திரிகை, நாடகம், மேடை. 1949-இல் தி.மு.க.வைத் தொடங்கினார். 1963-இல் நம் திருவண்ணாமலை இடைத்தேர்தலில் அக்கட்சி வென்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1967-இல் முதலமைச்சரானார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தேர்தல் வாக்குறுதி. கருவூலம் இடங்கொடாததால் ஒரு படி மட்டும், அதுவும் சென்னையிலும் கோவையிலும்தான் தர முடிந்தது. இதைக் குறைகூறுவோர் உண்டு, கூறலாம். பசித்த வீட்டில் அந்த ஒரு படியின் மதிப்பு வேறு என்பது நம் எண்ணம்.

1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, நம் வீரமாமுனிவருக்கு மெரினா கடற்கரையில் சிலை எழுந்தது. அவ்வாண்டே உரோமையில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரைச் சந்தித்த அண்ணா, தமக்கென எதுவும் கேட்கவில்லை. போர்த்துக்கல் சிறையில் வாடிய கோவா விடுதலை வீரர் மோகன் ரானடேக்காகப் பரிந்து பேசினார். 1969 சனவரியில் ரானடே விடுதலையானார். அப்போது அண்ணா புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். பிப்ரவரி 3 அன்று மறைந்தார்.