வென்றவரை வெளியே தள்ளினர்!

வாக்குச்சீட்டு வந்துவிட்டது, இனி வழி திறந்துவிட்டது என்று எண்ணினர், தோழர்களே, நார்தாம்ப்டன் நகரத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள்! அவர்கள் அனுப்பிய ஆளை, பாராளுமன்றங்களின் தாய் என்று பாராட்டப்படும் இங்கிலாந்து மன்றம், வாசலிலேயே மறித்தது. அவர்தான் சார்லஸ் பிராட்லா.

1833ல் இலண்டனில், வழக்கறிஞர் அலுவலக எழுத்தரின் மகனாகப் பிறந்தவர். படிப்பு 11 வயதோடு சரி. சுவிசேஷமும் திருச்சபைக் கோட்பாடும் ஒத்துப்போகவில்லையே என்று பாதிரியாரைக் கேட்டார்; விளக்கம் வரவில்லை, விரோதம் வந்தது! 16 வயதிலே வீட்டை விட்டு வெளியேறினார். பட்டாளம், எழுத்தர் வேலை, பிறகு மேடை, பத்திரிகை. நார்தாம்ப்டனில் 1868ல் தோல்வி, 1874ல் இருமுறை தோல்வி. 1880ல் வெற்றி!

கடவுள் பேரால் ஆணையிடாமல், உறுதிமொழி கூறி அமர இசைவு கேட்டார். முடியாது என்றனர். சரி, ஆணையே இடுகிறேன் என்றார். நாத்திகன் இடும் ஆணை செல்லாது என்றனர்! கத்தோலிக்கருக்கு 1829 வரையிலும், யூதருக்கு 1858 வரையிலும் பூட்டிக்கிடந்த கதவல்லவா அது! உறுதிமொழியும் கூடாது, ஆணையும் கூடாது. அப்படியானால் அந்தத் தொழிலாளி போட்ட வாக்கு என்னாவது?

விலக மறுத்தவரை மணிக்கூண்டிலே ஓர் இரவு அடைத்தனர். பிறகு உறுதிமொழி கூறி அமரவிட்டனர், அமர்ந்ததும் வழக்கு! மன்றத்தில் அவர் அளித்த ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் தண்டம் கேட்டனர். 1881ல் பதவி பறிபோயிற்று. தொழிலாளர் சளைத்தனரா? அடுத்த மாதமே மீண்டும் அனுப்பினர். ஆகஸ்ட் 3ஆம் நாள், உள்ளே நுழைய முயன்றவரைக் காவலர்கள் படிக்கட்டிலே இழுத்துத் தள்ளினர்; கோட்டு கிழிந்தது. வெளியே பெருங்கூட்டம். ஒரு சைகை போதும், கலகம் மூண்டிருக்கும். காட்டவில்லை அவர்!

1882, 1884, 1885. அதே ஊர், அதே ஆள், அதே வெற்றி. கடைசியில் 1886 ஜனவரியில், குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை என்று சபாநாயகர் பீல் கூறிவிட்டார்; ஆணையெடுத்து அமர்ந்தார் பிராட்லா. 1888ல், விரும்புவோர் உறுதிமொழி கூறலாம் என்பதைச் சட்டமாக்கினார். அடுத்த ஆண்டு பம்பாய் காங்கிரசுக்கும் வந்தார்.

1891 ஜனவரி 27ஆம் நாள், அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தை மன்றம் தன் ஏட்டிலிருந்து அடித்தது. மரணப்படுக்கையில் கிடந்த அவர் அதனை அறியவே இல்லை. 30ஆம் நாள் மறைந்தார். ப்ரூக்வுட் இடுகாட்டிலே கூடியவர்களில் 21 வயது இந்திய மாணவர் ஒருவரும் இருந்தார்: மோகன்தாஸ் காந்தி.